சுவரில் எழுதிய இலக்கம்: வதிவோரின் வாக்கு பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

2008ஆம் ஆண்டு, சத்வாவில் நாம் குடியிருந்த ஒழுங்கையின் சுவர்களில் இலக்கங்கள் எழுதப்பட்டன. ஒரு காலை வேலைக்குப் புறப்பட்டபோது எமது வாசலுக்குப் பக்கத்திலும் ஓர் இலக்கம் இருந்தது. பூச்சு இன்னும் காயவில்லை. பழைய ஒற்றைமாடி வீடுகளை இடித்து அந்த இடத்தில் ஜுமெய்ரா கார்டன் சிற்றி என்ற பெயரில் கோபுரங்கள் எழுப்பப்படும் என்ற செய்தி அதற்கு முன்னரே தேநீர்க் கடைகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. வீட்டுக்காரருக்கு நட்டஈடு உண்டென்றார்கள். எமக்கு ஒரு நாட்கெடு சொன்னார்கள்.

எமது அறையில் அப்போது நால்வர் இருந்தோம். அவர்களில் மூவரைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். நான் தென்மராட்சிக்காரன், 1984இல் வந்தவன். மற்றவர் ஹற்றனுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து வந்த தம்பி. மூன்றாமவர் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர், தையல் வேலை. அன்றிரவு சோறு தின்றுகொண்டிருக்கையில் தையற்காரர் கேட்டார்:

“அண்ணே, இதப் பத்தி யார்கிட்ட போய்ச் சொல்றது? நம்ம ஊர்னா கவுன்சிலர் வீட்டு வாசல்ல போய் நிக்கலாம்ல?”

எனக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்துத் தம்பி சிரிக்கவில்லை. “எங்க ஊர்ல கவுன்சிலர் இருக்காருண்ணே. நாங்க ஓட்டும் போடுவோம். ஆனா சபை எங்க லயத்துக்குள்ள வராது” என்றான். அந்த ஒரு வசனத்தை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. இக்கட்டுரை அதன் விளைவுதான்.

இவ்விதழை வாசிப்பவர்களில் பெரும்பாலானோர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கிறீர்கள். எமது அரசியற் கட்டுரைகளில் சுயநிர்ணயம் உண்டு, சமஷ்டி உண்டு, ஏகாதிபத்தியம் உண்டு. குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, வாடகை வீடு, பிள்ளையின் பாலர் பாடசாலை என்பன அவற்றில் இடம்பெறுவதில்லை. ஆயினும் ஒரு மனிதர் தான் வாழும் இடத்தில் கணக்கிலெடுக்கப்படுகிறாரா என்ற கேள்வி முதலில் எழுவது அங்கேதான் என்பது என் கருத்து.

வளைகுடாவில்

முதலில் நான் நிற்கும் நிலத்தின் கதை. துபாயில் பிரதிநிதித்துவம் பற்றிய பேச்சே எழுந்ததில்லை என்று எம்மவர் நினைப்பதுண்டு. அது சரியல்ல. முத்துக்குளிப்பு வீழ்ச்சியடைந்து வணிகக் குடும்பங்கள் நலிந்திருந்த 1938இல், ஆட்சியாளரின் உறவினர்களும் வணிகர்களும் சேர்ந்து ஒரு மஜ்லிஸை உருவாக்க வைத்தனர். வருமானத்தைத் தனிச் சொத்தாக அன்றிப் பொதுப் பணமாகக் கணக்கிட வேண்டும் என்று அது கோரியது, பாடசாலைகளைத் திறந்தது. ஏறத்தாழ ஆறு மாதங்களின் பின், 1939 மார்ச்சில் அது பலவந்தமாக முடித்துவைக்கப்பட்டது. பின்னர் 1950களில் மாநகரசபை வந்தது. அதன் உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டார்கள், தெரிவுசெய்யப்படவில்லை.

1971இல் ஐக்கிய அரபு அமீரகம் உருவாகி, 35 வருடங்களின் பின் 2006இல்தான் நாட்டின் முதல் தேர்தல் நடந்தது. நாற்பது பேர் கொண்ட கூட்டாட்சித் தேசிய சபையில் பாதிப்பேரை, ஆட்சியாளர்கள் தேர்ந்தெடுத்த சில ஆயிரம் குடிமக்கள் மட்டும் தெரிவுசெய்தனர். பின்னர் 2011, 2015, 2019, 2023 ஆண்டுகளில் அந்தப் பட்டியல் விரிந்தது. ஆனால் அதில் இருப்போர் குடிமக்களே. நாட்டின் சனத்தொகையிலோ பெரும்பான்மையினர் எம்மைப் போன்ற வெளிநாட்டார். நாம் வாழ்வது விசாவில். விசா நிற்பது வேலை தருபவரின் கையொப்பத்தில். 1951இன் அகதிகள் சமவாயத்தில் இந்நாடு சேரவில்லை. ஆகவே 1984இல் ஊரைவிட்டு ஓடிவந்த நான், ஐரோப்பாவில் இறங்கியிருந்தால் அகதி. சத்வாவில் இறங்கியதால் களஞ்சியக் கணக்காளன். ஓடிவந்த காரணம் ஒன்றே.

இது வளைகுடாவின் இயல்பென்று முடிவுகட்டுவதும் அவசரம். மனாமாவில் 1919இல் நகரசபை தொடங்கியபோது, துறைமுகத்தில் வாழ்ந்த வெளியூர் வணிகச் சமூகங்களுக்கும் அதில் இடம் இருந்தது. பஹ்ரேனில் 2002ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தல் மீண்டும் தொடங்கியபோது, அங்கே காணி அல்லது வீடு உடைமையாகக் கொண்ட வெளிநாட்டவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. குடியுரிமை இல்லாதவன் நகரசபைக்கு வாக்களிப்பது இப்பிராந்தியத்தில் நினைத்துப் பார்க்க முடியாத விடயம் அல்ல. ஆனால் நிபந்தனையைக் கவனியுங்கள்: அங்கே வாக்கைத் தருவது வதிவிடம் அல்ல, உடைமை. நால்வர் ஓர் அறையில் கிடப்பவனுக்கு அதனால் பயனில்லை.

தோட்டமும் கிராமமும்

இனித் தம்பி சொன்ன வசனத்துக்கு வருகிறேன்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. எமது தலைவர்கள் அதை வரவேற்கவில்லை என்பதை நாம் அடிக்கடி நினைவுகூர்வதில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதை வெளிப்படையாக எதிர்த்தார். பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் வாக்கு எதற்கு என்பதே அன்றைய யாழ்ப்பாண உயர்குழாத்தின் மனப்பாங்கு. சிங்களத் தலைவர்களின் அச்சம் வேறு விதமானது. தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவழித் தொழிலாளர் வாக்களித்தால் கண்டிப் பகுதிகள் கைவிட்டுப் போகும் என்றார்கள். ஆகவே அவர்களுக்கு மட்டும் ஐந்து வருட வதிவும் நிரந்தரமாகத் தங்கும் எண்ணமும் நிரூபிக்கப்பட வேண்டியதாயிற்று.

தேசியத் தேர்தல் பற்றிய இக்கதை பலருக்குத் தெரியும். உள்ளூராட்சியின் கதை அவ்வளவாகத் தெரியாது. 1937இல் கிராமச் சங்கங்கள் பற்றிய சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களில் வாழும் இந்தியத் தொழிலாளர்கள் வாக்கிலிருந்து விலக்கப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து எதிர்ப்பு எழுந்ததும் சட்டத்தின் சொற்கள் மாற்றப்பட்டன. இனப்பெயர் எடுக்கப்பட்டு, தோட்டத்தில் வதியும் தொழிலாளர் என்று பொதுவாக எழுதப்பட்டது. பெயர் போயிற்று, விளைவு போகவில்லை. 1939இல் நேரு இலங்கைக்கு வந்ததும், இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானதும் இந்தச் சூழலில்தான்.

ஆக, 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும், அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் வெறுவெளியில் பிறந்தவை அல்ல. கிராமத்தின் கிணற்றையும் பாதையையும் பற்றி வாக்களிக்கத் தகாதவன் என்று பத்து வருடங்களுக்கு முன் தீர்மானிக்கப்பட்டவனை, நாட்டைப் பற்றி வாக்களிக்கத் தகாதவன் ஆக்குவது கடினமாக இருக்கவில்லை. 1947இல் மலையகத்திலிருந்து நாடாளுமன்றம் சென்ற காங்கிரசிலிருந்து 1952இல் ஒருவரும் செல்லவில்லை. ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948இல் அந்த அரசாங்கத்திலேயே அமைச்சரானார். செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மீதி 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எஞ்சியோரின் பிரச்சினை 1988, 2003 சட்டங்கள் வரை இழுபட்டது. தம்பியின் தகப்பனாருக்குக் குடியுரிமைப் பத்திரம் கிடைத்தது அந்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர்தான்.

அப்படியென்றால் வாக்குக் கிடைத்துவிட்டதே? இங்குதான் அவனுடைய வசனம் வருகிறது. 1987இன் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குள் செலவிடத் தடையாக நின்றது. தோட்டம் கம்பனிக்கு உரிய நிலம். லயத்துப் பாதையும் மலசலகூடமும் சபையின் பொறுப்பல்ல என்பதே பொருள். அந்த மக்கள் வாக்களித்தார்கள், உறுப்பினர்களைத் தெரிவுசெய்தார்கள், அந்த உறுப்பினர்களால் தமக்கு வாக்களித்தவர்களின் வாசலுக்குக் கல் போட முடியவில்லை. இது திருத்தப்பட்டது 2018இல். 1937இலிருந்து கணக்கிட்டால் எண்பத்தொரு வருடங்கள்.

எமது ஊரில்

வடக்கில் நாம் இவ்வுரிமையை எப்படி நடத்தினோம்? யாழ்ப்பாண நூலகம் எரிந்தது 1981 மே 31 இரவு என்பதை எல்லோரும் சொல்வோம். அது ஓர் உள்ளூர்த் தேர்தலின், ஜூன் 4ஆம் திகதி நடந்த மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலின், வாரம் என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. எம்மிடம் ஒரு சபை வருவதையே பொறுக்காத அரசு ஒருபுறம்.

மறுபுறம் நாம். 1975 ஜூலை 27இல் யாழ். மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். 1983 மே மாத உள்ளூராட்சித் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு புலிகள் அழைத்தனர். யாழ்ப்பாணத்தில் மிகச் சிலரே வாக்களித்தனர். அந்தச் சிலரில் நான் இல்லை. அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்க, வாசிகசாலை வாங்கில் குந்தியிருந்தேன். அது விருப்பமா பயமா என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பதினைந்து வருடங்களின் பின் 1998 ஜனவரியில் மீண்டும் தேர்தல் நடந்தது. மேயராகத் தெரிவான சரோஜினி யோகேஸ்வரன் மே 17இல் கொல்லப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த பொன். சிவபாலன் செப்டெம்பர் 11இல் மாநகரசபைக் கட்டிடத்தில் குண்டுவெடிப்பில் இறந்தார். இரண்டுக்கும் புலிகளே பொறுப்பு என்று பரவலாகக் கூறப்பட்டது. நகரசபைக் கதிரை என்பது எமது வரலாற்றில் ஒரு கொலைக்களம். இதை மறந்துவிட்டு, எம்மவர் உள்ளூர்த் தேர்தலில் ஏன் அக்கறையற்று இருக்கிறார்கள் என்று கேட்பது அர்த்தமற்றது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களையும் இங்கு நினைக்க வேண்டும். இலங்கையில் வாக்காளர் இடாப்பு ‘சாதாரண வதிவிடத்தை’ அடிப்படையாகக் கொண்டது. கிராம உத்தியோகத்தர் வீடுவீடாகக் கொண்டுவரும் படிவத்தில் குடும்பத்தலைவர் பெயர்களை நிரப்புவார். புத்தளத்து முகாமில் இருப்பவரின் சாதாரண வதிவிடம் எது? புத்தளத்தில் பதிந்தால் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்களுடையவை அல்ல என்றாகும். பழைய ஊரில் பதிந்தால் முகாமில் குழாய்நீர் கேட்க ஆள் இல்லை. இடம்பெயர்ந்தோர் தமது பழைய ஊரில் பதிவதற்கான விசேட ஏற்பாட்டுச் சட்டம் 2013இல்தான் வந்தது. 1977இன் பின் வன்னிக்கு வந்து குடியேறிய மலையகத்தாரை, தலைமுறை மாறியும் ‘வந்தான் வரத்தான்’ என்று பேசிய எமது வாய்களையும் கூடவே நினைப்போம்.

ஒஸ்லோவில்

என் தம்பி, கூடப்பிறந்தவன், 1987இல் நோர்வேக்குப் போனான். ஃபின்மார்க்கில் மீன் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தான். 1991இல் அவனுக்கு ஒரு வாக்காளர் அட்டை தபாலில் வந்தது. அப்போது அவனிடம் நோர்வீஜியக் கடவுச்சீட்டு இல்லை. ஏதோ பிழையாக அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து அட்டையைக் கிழித்துப் போட்டதாக எனக்குத் தொலைபேசியில் சொன்னான்.

பிழை இல்லை. நோர்வே 1983இல் சட்டம் மாற்றி, மூன்று வருடங்கள் தொடர்ச்சியாக வதிந்த வெளிநாட்டவர் எல்லோருக்கும் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிமை கொடுத்தது. சுவீடன் 1975இலும், டென்மார்க் 1981இலும், நெதர்லாந்து 1985இலும் இதையே வெவ்வேறு வதிவுக் காலங்களுடன் செய்தன. அயர்லாந்தில் எந்தத் தேசியத்தவரும் உள்ளூர்த் தேர்தலில் வாக்களிக்கலாம். சுவிற்சர்லாந்தின் நொய்ஷற்றல் மாநிலம் 1849ஆம் ஆண்டிலேயே வெளிநாட்டவருக்கு ஊர்மட்டத்தில் வாக்களித்தது. இவற்றின் பின்னால் உள்ள தர்க்கம் எளிமையானது. தேசியத் தேர்தல் அரசின் இறைமை பற்றியது. நகரசபை, வரி கட்டி அந்த நகரில் வாழ்பவர்களுடையது.

எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. ஜேர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்ரைன், ஹம்பேர்க் மாநிலங்கள் 1989இல் கொண்டுவந்த சட்டங்களை 1990 ஒக்டோபர் 31இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இரத்துச் செய்தது. மக்கள் என்றால் ஜேர்மனிய மக்கள் என்பது தீர்ப்பின் சாரம். பிரான்சில் மித்தரோன் 1981இல் கொடுத்த வாக்குறுதி சட்டமாகவில்லை. கனடாவில் குடியுரிமை வேண்டும். நிரந்தர வதிவோருக்கும் உரிமை கொடுக்குமாறு ரொரன்ரோ மாநகரசபை 2013இல் மாகாணத்தைக் கேட்டும் கிடைக்கவில்லை.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்வது பயனுள்ளது. நோர்வேயில் தனியாகப் பதிய வேண்டியதில்லை. சனத்தொகைப் பதிவேட்டில் முகவரி சரியாக இருந்தால் போதும். தேர்தல் ஆண்டின் ஜூன் 30இல் எந்த முகவரியோ அந்த நகரசபைக்கே வாக்கு. வீடு மாறிவிட்டு அறிவிக்காதவர்களே வாக்கைப் பழைய ஊரில் விட்டுவிடுகிறார்கள். பிரித்தானியாவில் நிலைமை எதிர்மாறு: பதியாவிட்டால் வாக்கில்லை. இலங்கை பொதுநலவாய நாடு என்பதால், இருப்பு அனுமதியுள்ள இலங்கையர் பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாமலே எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்தலுக்குப் பன்னிரண்டு வேலைநாட்களுக்கு முன் முடிக்க வேண்டும். ஸ்கொட்லாந்தும் வேல்ஸும் அண்மைய சட்டங்களால் சட்டபூர்வமாக வதியும் எல்லா நாட்டவருக்கும் உள்ளூர் வாக்கைக் கொடுத்துள்ளன. ஒடுக்குமுறையாளன் என்று நாம் வர்ணித்த பழைய சாம்ராச்சியத்தின் எச்சம் ஒன்று எமக்கு ஓர் உரிமையைத் தருவது முரண்நகைதான். முரண்நகை என்பதற்காக அதை விட்டுவிட வேண்டுமா?

என் தம்பி 1995இல் முதற்தடவை வாக்களித்தான். காரணம் கொள்கை அல்ல. மகளின் பாலர் பாடசாலை. நோர்வேயில் பட்டியலில் உள்ள தனிநபர்களுக்கும் புள்ளியிடலாம். குடியேறியவர்கள் தம்மவரின் பெயருக்கு முன் இட்ட அடையாளங்களால், பட்டியலின் அடியில் போடப்பட்ட பலர் மேலே வந்தார்கள். 2015இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரட்ணம் ஒஸ்லோவின் துணை மேயரானார். 2021இல் நாடாளுமன்றம் சென்றார். அந்தத் தகவலைச் சொல்ல அழைத்த தம்பி, கிழித்த அட்டையைப் பற்றியும் மறுபடி சொன்னான். “அண்ணை, அப்ப எனக்கு அதை நம்பேலாமல் கிடந்தது” என்றான்.

எதிர்வாதமும் என் நிலைப்பாடும்

ஓர் எதிர்வாதம் உண்டு. ஊரில் உரிமை கேட்பவர்கள் வந்த நாட்டின் நகரசபைகளில் கரைந்து போனால், கேட்பதற்கு ஆள் இருக்காது என்பது அது. இதை முழுமையாக நிராகரிக்க மாட்டேன். வாக்கு ஒரு சமூகத்தை விலைக்கு வாங்கும் கருவியாகவும் ஆகலாம். கோயிற் திருவிழாவுக்கு வந்து வேட்டி கட்டும் வேட்பாளர்களை நீங்கள் அறிவீர்கள். ஆனால் ஊரில் ‘இந்நிலத்தில் வாழ்கிறோம், ஆகவே தீர்மானிக்கும் உரிமை வேண்டும்’ என்பதே எமது கோரிக்கை. அதே தர்க்கம் ஒஸ்லோவில் எமக்கும், யாழ்ப்பாணத்தில் முஸ்லிமுக்கும், வன்னியில் மலையகத்தாருக்கும், சத்வாவில் தையற்காரருக்கும் பொருந்தாதென்றால், நாம் பேசியது உரிமை அல்ல, உரித்து.

தையற்காரரிடம் ஒரு வாக்கு உண்டு. இந்தியா 2010இன் திருத்தத்தால் வெளிநாடு வாழ் குடிமக்கள் 6ஏ படிவத்தில் பதிய வழி செய்தது. ஆனால் வாக்களிக்க நேரில் போகவேண்டும். 2019இல் பதிந்திருந்த ஏறத்தாழ 99,000 பேரில் வாக்களித்தவர் சுமார் 25,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கேரளத்தவர். தையற்காரர் கணக்குப் பார்த்தார்: விமானச் சீட்டும் போகும் சம்பளமும் சேர்ந்தால் அக்காவின் மகள் கல்யாணத்துக்கு ஒரு கிராம் தங்கத்துக்கு மேல். போகவில்லை. எனக்கும் தோட்டத்துத் தம்பிக்கும் அந்தக் கணக்கும் இல்லை. இலங்கை வெளிநாட்டிலிருப்போருக்கு வாக்களிக்கும் ஏற்பாடு எதையும் செய்து தரவில்லை. 2023இல் ஒத்திவைக்கப்பட்டு 2025 மே 6இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலின்போது அவன் தாயார் பிரதேச சபைக்கு வாக்களித்தார். இப்போது அந்தச் சபை சட்டப்படி லயத்துக்குள் வரலாம். வருமா என்பது அவர்கள் கேட்டுப்பெற வேண்டியது.

சுவரில் எழுதிய இலக்கத்துக்கு என்ன நடந்தது? 2008 இறுதியில் உலகப் பொருளாதார நெருக்கடி துபாயையும் பிடித்தது. திட்டம் நின்றது. சில ஒழுங்கைகள் இடிந்து வெளியாகின, சில தப்பின. எமது வீடு தப்பியது. எவரும் எம்மைக் கேட்டு இடிக்கத் தீர்மானிக்கவில்லை. எவரும் எம்மைக் கேட்டு நிறுத்தவும் இல்லை. நான் இன்னமும் சத்வாவில்தான் இருக்கிறேன். இலக்கத்தின் மேல் இரண்டு தடவை வெள்ளை அடித்தாயிற்று. வெயில் சரிந்து விழும் பின்னேரங்களில் அது இன்னும் மங்கலாகத் தெரியும்.

உங்களில் பலருக்கு அடுத்த தேர்தலில் அட்டை தபாலில் வரும், அல்லது ஒரு படிவத்தை நிரப்பினால் வரும். யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வீடு மாறியிருந்தால் முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுச் சோமாலியனுக்கும் அந்த உரிமை இருக்கிறதென்று அவனுக்குத் தெரியுமா என்று ஒருதரம் கேளுங்கள்.